டெண்டருக்கும் அடுப்படிக்கும் என்ன சம்பந்தம்?

"பேரூராட்சி ஆபீஸா? அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்!" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிற சகோதரிகள் நம்மில் நிறையப் பேர். வீட்டு வரி ரசீது, குடிநீர்க் கட்டணம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் - இந்த மூன்றைத் தவிர அந்தக் கட்டடத்தோடு நமக்கு வேறு உறவு இருப்பதாக நாம் நினைப்பதில்லை. ஆனால் அங்கே மாதா மாதம் கூட்டம் போடுகிறார்கள். வரிசையாகத் தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் டீ, பிஸ்கட்டோடு முடிந்துவிடுகிற அந்தக் கூட்டத்தில் எத்தனையோ விஷயம் நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தையும், குழந்தையின் வயிற்றையும், சந்தையில் வாங்குகிற கீரைக் கட்டையும் தொடுகிறது. எப்படி என்கிறீர்களா? எங்கள் தெருவில் நடந்ததையே சொல்கிறேன்.

எங்களுடையது சின்ன ஊர். 15 வார்டு கொண்ட பேரூராட்சி. 2023-ல் எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர் வைத்துப் புதிதாகச் சாக்கடை கட்டினார்கள். பழைய மண் வாய்க்காலைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்த எங்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வாசலில் கோலம் போட இடம் கொஞ்சம் குறைந்தது என்றுகூட யாரும் குறைப்படவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். தெருவில் அடுத்தடுத்து மூன்று குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை! முதல் குழந்தைக்கு வந்தபோது, "வெளியில் பானி பூரி வாங்கித் தின்றிருக்கும்" என்று பேசிக்கொண்டோம். மூன்றாவது குழந்தைக்கு ஒன்றரை வயது. அதற்கு ஏது பானி பூரி?

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்த கையோடு ஒரு கேள்வி கேட்டார்: "உங்க தெருவுல குடிதண்ணிக் குழாய் எது வழியா வீட்டுக்குள்ள வருதுன்னு யாராவது குனிஞ்சு பார்த்தீங்களா?"

குனிந்து பார்த்தோம். தெருவின் ஒரு பக்கமாக மெயின் குழாய் போகிறது. அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிகிற அரை அங்குலக் குழாய், புதுச் சாக்கடையின் உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வருகிறது. சாக்கடைத் தண்ணீர் அதன் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக் குழாயில் ஒழுகிய இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"குழாய்க்குள்ளேதானே நல்ல தண்ணீர் வருகிறது, வெளியே என்ன ஓடினால் என்ன?" என்று தோன்றும். தண்ணீர் வேகமாக வரும்போது உள்ளிருந்துதான் வெளியே ஒழுகும். அதில் ஆபத்து குறைவு. ஆனால் நம் ஊர்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம்தானே தண்ணீர்! மீதி நேரமெல்லாம் குழாய் காலி. தண்ணீர் நிற்கும்போது உள்ளே ஒரு உறிஞ்சல் உண்டாகிறது. அப்போது மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், வெளியே நிற்கிற சாக்கடை உள்ளே போய்விடும். அடுத்த முறை தண்ணீர் திறந்ததும் முதல் குடத்தில் வந்து விழுவது அதுதான். (இதனால்தான் முதல் ஒரு வாளித் தண்ணீரைப் பிடிக்காமல் விட வேண்டும் என்கிறார்கள். குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றியே குடிக்க வேண்டும்.) அசுத்தத் தண்ணீரால் வருகிற காமாலையில் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ என்று இரண்டு வகை. பின்னது கர்ப்பிணிகளுக்கு, முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், உயிருக்கே ஆபத்தாகலாம். எங்கள் தெருவில் அப்போது இரண்டு பேர் முழுகாமல் இருந்தார்கள். நெஞ்சு பதறியது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் வார்டு உறுப்பினர் வந்தார். தையல் கடை வைத்திருக்கிற பெண். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தவர். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கென்று 2016-ல் சட்டம் வந்ததல்லவா? அதன்படி எங்கள் பேரூராட்சியில் 15 பேரில் 8 பேர் பெண்கள். கையில் ஸ்டேப்ளர் அடித்த ஒரு கத்தைத் தாள்.

"அக்கா, நாளன்னிக்கு மீட்டிங்கு. அஜெண்டா குடுத்திருக்காங்க. இதுல நம்ம தெருவும் இருக்கு. 'இறுதிப் பட்டியல்'னா என்னங்க்கா? கை தூக்குன்னா தூக்கிடலாம். எதுக்குத் தூக்கறோம்னு தெரிஞ்சுக்கிட்டுத் தூக்கலாமேன்னு வந்தேன்."

என்னிடம் ஏன் கேட்டார் என்றால், என் அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்தவர். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பாயில் உட்கார்ந்து அளவுப் புத்தகம் எழுதுவார். அவர் சொல்லச் சொல்லக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தவள் நான். சதுர அடி, கன அடி எல்லாம் எனக்கு அப்படி வந்ததுதான்.

தாளை வாங்கிப் பார்த்தேன். எங்கள் தெருச் சாக்கடை வேலை முடிந்துவிட்டதாகவும், ஒப்பந்ததாரருக்கு இறுதிப் பட்டியல் தொகை வழங்க மன்றத்தின் அனுமதி வேண்டும் என்றும் அதில் போட்டிருந்தது. பொருள் எண் 14. அதற்கு மேலே பிளீச்சிங் பவுடர் வாங்கியது, கீழே தெரு விளக்குப் பழுது.

"இதுக்கு நீங்க கை தூக்கினா, வேலை முழுக்கச் சரியா முடிஞ்சுதுன்னு நீங்களும் சொன்ன மாதிரி. பாக்கிப் பணத்தைக் குடுத்துடுவாங்க" என்றேன்.

"முடிஞ்சுதா அக்கா?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், என்ன வேலை செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்று தெரிய வேண்டுமே!

கல்யாணச் சமையல் மாதிரிதான்

ஒரு கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் விடுகிறோம். என்னென்ன பதார்த்தம், எத்தனை இலை என்று முதலில் பட்டியல் போடுகிறோம். பிறகு இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்கிறோம். ஒருவருக்கு அட்வான்ஸ் கொடுத்து நிச்சயம் செய்கிறோம். பந்தி முடிந்ததும் இலைக் கணக்குப் பார்த்து மீதிப் பணம் தருகிறோம். பாயசத்தில் முந்திரி போடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வேர்க்கடலையைப் போட்டால் விடுவோமா? அத்தை ஒருத்தி போதும், சமையல்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்!

பேரூராட்சி வேலையும் அப்படித்தான் நகர்கிறது. வேலை வேண்டும் என்று கோரிக்கை வந்ததும் பொறியாளர் வந்து அளந்து 'மதிப்பீடு' போடுகிறார். எஸ்டிமேட் என்று நாம் சொல்வது அதைத்தான். பள்ளம் தோண்ட எவ்வளவு, ஜல்லி எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு என்று வரி வரியாக, அரசு விலைப்பட்டியல் பிரகாரம் இருக்கும். அதற்கு மன்றம் நிர்வாக அனுமதி தரும். மேல் அதிகாரி தொழில்நுட்ப அனுமதி தருவார். பிறகு டெண்டர்.

டெண்டருக்கென்றே 1998-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்று பெயர். 2000-ல் அதற்கு விதிகள் வந்தன. அறிவிப்பு வந்த பிறகு டெண்டர் கொடுக்க, 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்ட வேலைக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். 'நேற்று அறிவித்தோம், இன்றைக்குக் கடைசி நாள்' என்பதெல்லாம் கூடாது. டெண்டர் கொடுத்தவர்கள் முன்னிலையில்தான் கவரைப் பிரிக்க வேண்டும். ஒருவரைத் தள்ளினால் ஏன் தள்ளினோம் என்று எழுதி வைக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டர் வழியாகவே டெண்டர் கேட்கிறார்கள். டெண்டர் போட வருகிறவரை ஆபீஸ் வாசலிலேயே மறித்து அனுப்பிவிடுகிற பழைய வித்தை அதனால் குறைந்திருக்கிறது. வித்தைக்காரர்கள் வேறு வழி தேடாமலா இருப்பார்கள்? அதற்குப் பிறகு வருகிறேன்.

குறைந்த விலை சொன்னவருக்கு வேலை உத்தரவு. வேலை நடக்க நடக்கப் பொறியாளர் அளந்து 'எம்-புக்' என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். மேல் அதிகாரி அதைச் சரிபார்க்கிறார். எம்-புக்கில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் பணம். ஆக, தரையில் என்ன இருக்கிறது என்பதைவிட அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பெரிதாகப் போய்விடுகிறது! இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் தெருவில் நடந்தால் போதும். அந்தத் தெருவில் குடியிருப்பவரைவிட அதற்கு வேறு யார் பொருத்தம்?

மறுநாள் காலையில் நம் தையல்கார உறுப்பினர் ஆபீஸுக்குப் போய் எஸ்டிமேட்டும் எம்-புக்கும் நகல் கேட்டார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே மேடம்" என்றாராம் குமாஸ்தா. "இப்ப நான் கேக்கறேன்ல" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். செயல் அலுவலர் வந்து மத்தியானம் கொடுக்கச் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டதும் மறுக்காமல் கொடுத்தார்.

எஸ்டிமேட் ஐந்து பக்கம். நாலாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டுக் குடிநீர் இணைப்புக் குழாய்களைச் சாக்கடைக்கு மேலாக உயர்த்தி, இரும்பு உறைக் குழாய் போட்டு மாற்றி அமைத்தல் - 22 இணைப்புகள்! எந்தப் புண்ணியவானோ பொறியாளர் ஆரம்பத்திலேயே சரியாக யோசித்து எழுதியிருக்கிறார். அதற்குப் பணமும் ஒதுக்கியிருக்கிறார்கள். எம்-புக்கில் '22 முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

நாங்கள் நாலு பேர் தெருவில் இறங்கி எண்ணினோம். மெயின் ரோட்டை ஒட்டிய 6 வீடுகளுக்கு மட்டும் குழாயை உயர்த்தியிருந்தார்கள். ஜீப்பில் வருகிற அதிகாரி கண்ணில் படுகிற 6 வீடு! மீதி 16 வீட்டுக் குழாயும் சாக்கடைக்குள்தான். காமாலை வந்த மூன்று குழந்தைகளும் அந்தப் பதினாறில் அடக்கம். காமாலைக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல டாக்டர் இல்லை. ஆனால் எதைச் செய்வதற்கென்று பணம் ஒதுக்கினார்களோ அது நடக்கவில்லை என்பதைச் சொல்ல டாக்டர் வேண்டாமே.

நீளத்தையும் அளந்துவிடலாம் என்றார் உறுப்பினர். தையல் டேப்பு ஒன்றரை மீட்டர்தானே! துணி காயப்போடுகிற நைலான் கயிற்றில் 10 மீட்டர் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், "பொம்பளைங்க சாக்கடை அளக்குறாளுங்க" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். எம்-புக்கைவிட 7 மீட்டர் குறைந்தது.

கூட்டத்தில்...

கூட்டத்தில் நடந்ததை அவரே அன்று சாயங்காலம் வந்து சொன்னார். பொருள் 13 வரை 'ஒருமனதாக, ஒருமனதாக' என்று ஓடியிருக்கிறது. 14 வந்ததும் எழுந்து நின்றார். கை நடுங்கியதாம், தாளை மேஜைமேல் வைத்துக்கொண்டு படித்தாராம். "22 இணைப்புன்னு எழுதியிருக்கு. நான் எண்ணிப் பார்த்தேன், 6தான் இருக்கு. நீளமும் குறையுது. திரும்ப அளந்த பிறகு இந்தப் பொருளை வைங்க."

மூத்த உறுப்பினர் ஒருவர், "ஏம்மா, உன் வார்டுக்குத்தானே வேலை நடந்திருக்கு? நீயே தடுக்கறியே!" என்றாராம். இந்த மாதிரிப் பேச்சு கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் படும். பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்துவிடவும் கூடும். இவர் சொன்னது: "அப்ப நான் ஒத்துக்கலைன்னு தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க. எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க."

அவ்வளவுதான்! கூட்டத்தில் கத்தலாம், மேஜையைத் தட்டலாம், வெளிநடப்பு செய்யலாம். நாலு நாளில் எல்லாம் மறந்துபோகும். ஆனால் 'இந்த உறுப்பினர் இன்ன காரணம் சொல்லி ஆட்சேபித்தார்' என்று புத்தகத்தில் ஒரு வரி ஏறிவிட்டால், பிற்பாடு தணிக்கைக்கு வருகிறவர் அதைப் படிப்பார். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மற்ற பெண் உறுப்பினர்களில் மூன்று பேர், "திரும்ப அளந்தா என்னங்க தலைவரே?" என்று சேர்ந்துகொண்டார்கள். பொருள் 14 ஒத்தி வைக்கப்பட்டது.

பத்து நாளைக்குள் பிளம்பர் வந்து 16 வீட்டுக் குழாயையும் உயர்த்திப் போட்டார். திரும்ப அளந்து, குறைந்த 7 மீட்டருக்கான தொகையைக் கழித்துக்கொண்டார்கள். யாருக்காவது தண்டனை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். கிடைக்கவில்லை. எம்-புக்கில் 22 என்று முதலில் எழுதியவர் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார். சாக்கடையும் முழுக்கச் சரியாகிவிடவில்லை. தெருக்கோடியில் வாட்டம் போதாமல் தண்ணீர் தேங்குகிறது. (தேங்குகிற சாக்கடையில் பெருகுவது யானைக்கால் நோயைப் பரப்புகிற கியூலெக்ஸ் கொசு. அந்தத் தொற்று பெரும்பாலும் சிறு வயதிலேயே ஏறிவிடும். வீக்கம் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். டெங்குக் கொசுவோ நம் வீட்டு நல்ல தண்ணீர்த் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும் முட்டையிடும். சாக்கடையைத் திட்டிக்கொண்டே தொட்டியைத் திறந்து வைக்கிறவர்கள் கவனிக்க!) காண்ட்ராக்டரின் டெபாசிட்டில் ஒரு பகுதியை வேலை முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலம் நிறுத்தி வைப்பார்கள். அந்தக் காலத்துக்குள் பழுது தெரிந்தால் அவர் செலவிலேயே சரி செய்ய வேண்டும். அது எந்தத் தேதி வரை என்று எழுதிக் கேட்டு வைத்திருக்கிறோம்.

இந்த இடத்தில் பழங்கதை ஒன்று சொல்லாமல் மேலே போக மனமில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள், குடவோலை முறை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர் வேலைக்கு ஆள் எடுக்க யார் தகுதி, யார் தகுதியில்லை என்று விலாவாரியாகப் போட்டிருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை. அவரோடு போகவில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை! மச்சான் பெயரில் காண்ட்ராக்ட் எடுக்கிற சாமர்த்தியம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது போலும். இன்றைய சட்டத்திலும், தன் மன்றத்து ஒப்பந்தத்தில் தானே பங்கு வைத்துக்கொள்கிற உறுப்பினர் பதவி இழப்பார். மச்சானைத்தான் பிடிக்க முடிவதில்லை.

கூடைக்கு எத்தனை ரூபாய்?

சாக்கடையை விடுங்கள். கீரைக்கு வருவோம்.

சந்தை, பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பிடம், சைக்கிள் ஸ்டாண்ட் - இவற்றில் கட்டணம் வசூலிக்கிற உரிமையைப் பேரூராட்சி ஏலம் விடுகிறது. குத்தகை எடுத்தவர் ஊராட்சிக்கு ஒரு தொகை கட்டிவிட்டு, வியாபாரிகளிடம் வசூல் செய்துகொள்கிறார். ஆனால் இஷ்டத்துக்கு வசூலிக்க முடியாது. தலைச்சுமைக் கூடைக்கு இவ்வளவு, தள்ளுவண்டிக்கு இவ்வளவு என்று மன்றமே தீர்மானம் போட்டு வைத்திருக்கும்.

எங்கள் வாரச் சந்தையில் கீரை விற்கிற பாட்டியிடம் ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன். "கூடைக்கு இருவது ரூவா வாங்கறான் கண்ணு. சீட்டுக் கேட்டா மொறைக்கறான்" என்றார். மன்றத் தீர்மானத்தைப் பார்த்தால் 10 ரூபாய்! ஏல நிபந்தனையில் இரண்டு வரி தெளிவாக இருந்தது: ரசீது கொடுக்க வேண்டும், கட்டண விவரத்தைச் சந்தை வாசலில் பலகையாக வைக்க வேண்டும். பலகை இல்லவே இல்லை. நம் உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் கேட்டது இவ்வளவுதான்: "பலகை எங்கே?" குத்தகையை ரத்து செய், நடவடிக்கை எடு என்றெல்லாம் கேட்டிருந்தால் அது பெரிய சண்டையாகி முடிந்திருக்கும். பலகை வை என்றால் யார் மறுக்க முடியும்? இப்போது மஞ்சள் பெயிண்டில் பலகை நிற்கிறது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்துக் கடைப் பையன் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டான். கீரை விலை குறைந்ததா என்றால், அதுதான் இல்லை! "இத்தன நாளா நட்டம் கண்ணு" என்கிறார். அந்தப் பத்து ரூபாய் அவர் சுருக்குப் பையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

கழிப்பிட ஏலத்தில் இன்னொரு கோணம். அதிகத் தொகை கேட்டவருக்கே குத்தகை என்றால், அவர் போட்ட பணத்தை எடுக்கத்தான் பார்ப்பார். தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆள் போட மாட்டார். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் படுகிற அவஸ்தையை நான் எழுத வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவ வேண்டும், பெண்கள் பக்கம் பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்று ஏல நிபந்தனையிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். ஏலம் முடிந்த பிறகு கெஞ்சிப் பிரயோஜனமில்லை.

கவனித்துக்கொள்ள வேண்டிய சில தந்திரங்கள்

சிறு தொகை வேலைக்கு டெண்டர் விதிகளில் கொஞ்சம் தளர்வு உண்டு. ஆகவே ஒரு தெருவைக் கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று நறுக்கி நாலு வேலையாக எழுதியிருந்தால், ஏன் என்று கேட்கத் தோன்ற வேண்டும். மூன்று பேர் டெண்டர் போட்டிருப்பார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் இருக்கும். மூன்றுமே மதிப்பீட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கூடிப் பேசி எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு வாசனை. விலை மிகக் குறைவாக இருந்தாலும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், சிமெண்டில் பிடித்துவிடுவார்கள். கான்கிரீட்டுக்கு 1 பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு ஜல்லி என்று மதிப்பீட்டில் இருந்தால், ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 8 வேண்டும். காலி மூட்டையை எண்ணிப் பார்க்கலாம்! போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளாவது ஈரச் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். வேகாத இட்லி மாதிரி, நனையாத கான்கிரீட் உதிர்ந்துவிடும். வாட்டம் சரியா என்று பார்க்க, சாக்கடையின் மேட்டுப் பக்கத்தில் இரண்டு வாளி மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே குறை.

அஜெண்டாவில் 'பின்னேற்பு' என்ற வார்த்தை அடிக்கடி வந்தால் நிதானிக்க வேண்டும். அவசரம் என்று செலவைச் செய்துவிட்டு, பிறகு மன்றத்தின் சம்மதம் கேட்பது அது. வெள்ளத்தில் மோட்டார் போனால் கூட்டம் வரும்வரை காத்திருக்க முடியுமா? அதற்கு ஏற்பட்டது இந்த வழி. கூட்டத்தன்று மேஜைமேல் கொண்டு வந்து வைக்கிற கூடுதல் அஜெண்டாவும் அப்படித்தான். தீபாவளி அலங்கார விளக்குக்கும் பின்னேற்பு என்றால்... தீபாவளி எப்போது வரும் என்று காலண்டரில் போட்டிருக்கிறதே!

பெண் உறுப்பினருக்குப் பதில் கணவர் வந்து பேசுகிற வழக்கம் பல ஊரில் உண்டு. எங்கள் ஊரிலும் இரண்டு பேர் வீட்டில் அப்படி இருந்தது. கையெழுத்து மனைவியுடையது. பில்லில் தப்பு என்றால் நோட்டீஸும் மனைவி பெயருக்குத்தான் வரும். நம் தையல்காரர் அவர்கள் வீட்டுக்குப் போய், கணவர்கள் காதில் விழும்படியே இதைச் சொல்லிவிட்டு வந்தார். ஒருவர் இப்போது தானே அஜெண்டா படிக்கிறார். இன்னொருவர் வீட்டில் இன்னும் பழையபடிதான்.

உறுப்பினர் ஒத்துழைக்கவில்லை என்றால் என்ன செய்வது? கிராமங்களில் கிராம சபை இருப்பதுபோல் நகர்ப்புறங்களில் பகுதி சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுவதும் நடந்தது. பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். உங்கள் பகுதியில் எப்போது, எங்கே என்று கேட்டுப் போய் உட்காருங்கள். நாலைந்து பேராகப் போவது நல்லது. தனியாகப் போனால் மைக் கைக்கு வராது.

காகிதம் வேண்டுமானால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம், ஊர்ப் பெயர். 'ஏன் சாக்கடை சரியில்லை?' என்று கேட்டால் பதில் வராது. அது தகவல் இல்லை, கேள்வி. இப்படி எழுதுங்கள்: 'இன்ன வார்டில், இன்ன தெருவில், இன்ன வருடம் நடந்த வடிகால் பணியின் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், பணி உத்தரவு, அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், மன்றத் தீர்மானம் ஆகியவற்றின் நகல் வேண்டும்.' வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு கை மணலைக்கூடக் கேட்டு வாங்கலாம் என்று அர்த்தம். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் மனுவின் ஜெராக்ஸையும் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். எங்கள் தெருவின் ஐந்து பக்க எஸ்டிமேட்டுக்கு, அந்தக் கணக்கில், 10 ரூபாய்தான் ஆகியிருக்கும்.